ஐந்தாவது ஆணி

யார் வீட்டுக்குப் போனாலும் என் கண் முதலில் கதவுச் சட்டத்தின் மேல்விளிம்புக்குத்தான் போகும். அங்கே தூசி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வணக்கம் சொல்வேன். சிரிக்காதீர்கள். ஸ்விஸில் துப்புரவு வேலை செய்த பெற்றோருக்குப் பிள்ளைகளாய் வளர்ந்த நம் வயதுக்காரர் எல்லோருக்கும் இந்த வியாதி உண்டு. சென்ற மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் நம்மில் ஒருத்தி, இப்போது நாலு பேர் மதிக்கும் வழக்கறிஞர், கைகழுவும் இடத்தில் நின்று, "பைப்பிலை சுண்ணாம்பு பிடிச்சிருக்கு, வினாகிரி போட்டால் போயிடும்" என்று முணுமுணுத்ததை என் காதாலேயே கேட்டேன்.

எனக்கு அந்த வியாதி தொற்றியது எண்பத்தேழாம் ஆண்டு வசந்தத்தில். பதினொரு வயது. சூரிச்சுக்கு மேற்கே ஷ்லீரனில், ரயில் பாதைக்குப் பின்னால் இருந்த நான்கு மாடிக் கட்டடத்தில் மூன்றாவது மாடி. சரக்கு ரயில் போகும்போது அலுமாரிக்குள் கோப்பைகள் ஒன்றோடொன்று முட்டிச் சத்தம் போடும். இப்போதும் எங்காவது கோப்பைகள் அப்படி முட்டினால் எனக்கு வினாகிரி மணக்கிறது.

அப்பாவும் அம்மாவும் ஒரே துப்புரவுக் கம்பனியில் வேலை செய்தார்கள். முதலாளியை எல்லோரும் ஷெஃப் என்பார்கள். ஒரே படிக்கட்டைத் துடைக்க உள்ளூர்க்காரிக்கு ஒரு கூலி, இத்தாலிக்காரிக்கு அதைவிடக் குறைய, எங்கள் ஆட்களுக்கு அதைவிடவும் குறைய. படிக்கட்டு ஒன்றுதான், வாளியும் ஒன்றுதான். கூலி மட்டும் தோலைப் பார்த்துப் பார்த்து இறங்கி வந்தது. அம்மா நாலு வருடமாக அந்தக் கூலியைத்தான் வாங்கிக்கொண்டிருந்தார்.

என் வகுப்பில் பக்கத்தில் இருந்தவள் பிறந்த அன்றே அவளுடைய தாத்தா அவள் பெயரில் வங்கிப் புத்தகம் திறந்து வைத்தாராம். அவர் காலமானால் வீடு அவளுடைய அப்பாவுக்கு, பிறகு அவளுக்கு. அதை அவள் பெருமைக்குச் சொல்லவில்லை, மழை பெய்கிறது என்பதுபோலச் சொன்னாள். எங்களுக்கும் ஊரில் ஒரு வீடு இருந்தது. அதில் அப்போது ஆர்மி இருந்தது. உழைப்பில் அவர்களுக்கும் எங்களுக்கும் வித்தியாசம் இல்லை, தொடங்கிய இடத்தில்தான் என்பது எனக்கு விளங்க இன்னும் இருபது வருடம் எடுத்தது. அம்மாவுக்கு அது அன்றைக்கே விளங்கியிருந்தது.

யோசனையைக் கொண்டுவந்தவர் பேர்மிட் அண்ணை. எங்களுக்கு முன்பே வந்து, ஒழுங்கான வதிவிட அனுமதி எடுத்திருந்தவர் என்பதால் அந்தப் பெயர். எங்களைப் போன்ற அகதி விண்ணப்பக்காரர் சொந்தத் தொழில் தொடங்க முடியாது, அவர் தொடங்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் குசினி மேசையில் இருந்து கொண்டு சொன்னார்:

"அண்ணை, இஞ்சை வீடு மாறுற சனம் போகேக்கை வீட்டைப் புதுசு மாதிரித் துடைச்சுக் குடுக்கோணும். வீட்டு நிர்வாகத்திலையிருந்து ஒருத்தர் வந்து விரலாலை தொட்டுப் பாப்பார். ஒரு குறை கண்டாலும் திறப்பை வாங்கார். அந்த வேலைக்கு ஷெஃப் எவ்வளவு வாங்கிறார், உங்களுக்கு எவ்வளவு தாறார் எண்டு தெரியுமோ?"

அப்பாவுக்குத் தெரியாது. அம்மா அடுப்படியில் நின்றபடியே தொகையைச் சொன்னார். ஷெஃபின் மேசையையும் துடைக்கிறவர் அவர்தானே.

கம்பனிக்கு முதல் வேண்டும். வங்கியில் அப்பாவின் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு விண்ணப்பப் படிவத்தைக்கூட எடுத்துக் கொடுக்கவில்லை. பேர்மிட் அண்ணையிடம் படிவத்தைக் கொடுத்து, நிரப்பியதும் வாங்கி வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். கடைசியில் முதல் வந்தது சீட்டில் இருந்து. பன்னிரண்டு பேர் மாதம் மாதம் போட, மாதத்துக்கு ஒருவர் மொத்தத்தையும் எடுக்கிற அந்தச் சீட்டைப் பிடித்தவர் அம்மா. ஊர் வழக்கப்படி முதல் மாதத்துக் காசு சீட்டுப் பிடிக்கிறவருக்கு. அம்மா அந்தக் காசை எண்ணாமலே அப்பாவிடம் நீட்டினார். அதில்தான் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு விரிப்புக் கழுவும் இயந்திரம் வந்தது. அதன் வயிற்றுக்குள் அழுக்குத் தண்ணீர் குளுகுளுவென்று போவதைக் கேட்பதற்காகவே நான் அதைச் சும்மா இயக்கிப் பார்த்து அடி வாங்கியிருக்கிறேன்.

பங்கு நாலு. அப்பா, பேர்மிட் அண்ணை, உணவகக் குசினிகளில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த இரண்டு அண்ணைமார். அப்பா எங்கேயோ எறிந்து கிடந்த ஒரு தரைப்பலகைத் துண்டை எடுத்து வந்து, மினுக்கி, நாலு ஆணி அடித்து, ஒவ்வொரு ஆணிக்குக் கீழும் ஒரு பெயரைச் சிவப்புப் பெயின்டில் எழுதினார். வேலைக்கு எடுக்கும் வீட்டின் திறப்பை, அதாவது சாவியை, பொறுப்பாளி தன் ஆணியில் மாட்டுவார். பலகையை முன்கதவுக்குப் பக்கத்தில் மாட்டியபோது நாலு பேரும் தள்ளி நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கோயில் கொடியேற்றம் பார்ப்பவர்களின் முகம்.

அம்மா ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார்.

"எனக்கு?"

"உமக்கும் எனக்கும் வேறையோ?" என்று அப்பா சிரித்தார்.

எவ்வளவு அன்பான பதில் என்று அன்றைக்கு நினைத்தேன். அம்மா குசினிக்குப் போய்விட்டார். அன்றைக்குச் சோற்றுக்கு உப்பு இல்லை.

முதல் வேலை மார்ச் கடைசியில் கிடைத்தது. பக்கத்துத் தெருவில் மூன்றரை அறை வீடு. சனிக்கிழமை துடைத்து முடிக்க வேண்டும், திங்கள் மத்தியானம் பரிசோதகர் வருவார். அவர் ஒப்புக்கொண்டால் அதே நிர்வாகத்தின் வேறு வீடுகளும் எங்களுக்கு வரும். ஒப்புக்கொள்ளாவிட்டால் இயந்திரம், சீட்டு, ஷெஃபிடம் சொல்லாமல் எடுத்த லீவு எல்லாம் போச்சு. இதை அப்பா அந்த வாரம் முழுக்கச் சாப்பாட்டு மேசையில் சொல்லிக்கொண்டே இருந்தார். 

சனி காலை, ஒரு வாளியைக்கூடத் தூக்க முதல், அப்பா மஞ்சளைக் குழைத்துப் பிள்ளையார் பிடித்தார். முதல் தொழில், பிள்ளையார் இல்லாமல் எப்படி? வெற்றிலைக்கு ஷ்லீரனில் எங்கே போவது, சலாது இலை ஒன்றைப் பரப்பினார். லிம்மாத் ஆற்றங்கரையில் பிடுங்கிய ஏதோ ஒரு புல்லை அறுகம்புல் என்று நம்பிச் சாமியின் தலையில் குத்தினார். வெறும் வீட்டில் வேறு இடம் இல்லாததால், தெற்குப் பார்த்த ஜன்னலின் வெள்ளைப் பெயின்ட் அடித்த பலகைமேல் எழுந்தருளச் செய்து, கன்னத்தில் போட்டுக்கொண்டார். அண்ணைமாரும் போட்டுக்கொண்டார்கள்.

"தட்டு ஒண்டு வையுங்கோவன்," என்றார் அம்மா.

"சாமிக்கு இலைதான் விசேசம்."

பிறகு வேலை தொடங்கியது. ஆண்கள் நாலு பேரும் நேரே தரையில் விழுந்து தேய்க்கத் தொடங்கினார்கள். அம்மா அவர்களை எழுப்பி, "மேலையிருந்து கீழை வாங்கோ, உள்ளையிருந்து கதவுக்கு வாங்கோ" என்று துரத்தினார். ஜன்னல் சட்டத்தின் பள்ளத்துக்குப் பஞ்சுக்குச்சி, குழாய்க்குப் பழைய பல்துலக்கி. பேக்கிங் அடுப்புக்குள் ஒரு கிண்ணத்தில் வினாகிரியும் தண்ணீரும் வைத்துச் சூடாக்கி, கதவை மூடி, அரை மணி நேரம் சும்மா விட்டார். கத்தியால் சுரண்டப் போன அண்ணையின் கையில் ஒரு தட்டுத் தட்டினார். அரை மணிக்குப் பிறகு பழைய எண்ணெய்க்கறை துணியோடு வந்தது. நாலு பேரும் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பத் தங்கள் வேலைக்குப் போனார்கள்.

மாலை எல்லாம் முடிந்து, அப்பா பயபக்தியோடு பிள்ளையாரைத் தூக்கினார். சலாது இலை வெந்ததுபோல நைந்து போயிருந்தது. அதற்குக் கீழே வெள்ளைப் பலகையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மஞ்சள் வட்டம்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதையைப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்திருக்கிறார்கள். எங்கள் கதையில் பிள்ளையார் நன்றாகத்தான் முடிந்தார், அவர் இருந்த இடம்தான் முடியவில்லை. அப்பா ஈரத்துணியால் துடைத்தார். வட்டம் பெரிதாகியது. தேய்ப்புத் தூளைப் போட்டு வியர்க்க வியர்க்கத் தேய்த்தார். மஞ்சள் போகவில்லை, பெயின்டின் மினுக்கம் போயிற்று. பெயின்ட் வாங்கலாம் என்றால் கடை பூட்டியாயிற்று, ஞாயிறு ஒரு கடையும் திறக்காது, திங்கள் வாங்கிப் பூசினால் பரிசோதகர் வருமுன் காயாது.

"விடுங்கோ," என்றார் அம்மா. "தேய்க்காதேங்கோ. நாளைக்கு வெயிலிலை போயிடும். மஞ்சளுக்கு வெயில்தான் மருந்து."

"உமக்கென்ன தெரியும்? இது சீலையோ, கொடியிலை காயப்போட?"

அப்பாவின் குரலில் கோபத்தைவிடப் பயம்தான் இருந்தது. இப்போது தெரிகிறது. அப்போது கோபம் மட்டும்தான் கேட்டது.

ஞாயிறு காலை அப்பா பேர்மிட் அண்ணையிடம் யோசனை கேட்கப் போனார். அவர் படியிறங்கிய சத்தம் அடங்கியதும் அம்மா பலகையில் அப்பாவின் ஆணியிலிருந்து திறப்பை எடுத்தார். அதை எடுக்க அவர் ஒரு நிமிடம் தயங்கியதை நான் பார்த்தேன். தன் காசில் தொடங்கிய கம்பனியின் திறப்பைக் களவெடுப்பதுபோல எடுக்க வேண்டியிருந்தது.

அந்த வெறும் வீட்டில் கோட்டைக் கழற்றாமல் நாங்கள் இரண்டு பேரும் தரையில் இருந்தோம். அம்மா ஜன்னலை அகலத் திறந்தார். கண்ணாடி வெயிலை வடிகட்டிவிடுமாம். குளிர் உள்ளே வந்து மூக்கைக் கடித்தது. எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து கறைமேல் பூசிவிட்டு வெயிலைக் காத்திருந்தோம். பத்து மணிபோல வெயில் பலகையைத் தொட்டது. அம்மா சாப்பாட்டுப் பெட்டியின் மூடியை என்னிடம் தந்து, வெளிச்சத்தைக் கறைப்பக்கம் திருப்பிப் பிடிக்கச் சொன்னார். அது உண்மையில் உதவியதா, என்னைச் சும்மா இருக்க வைக்கத் தந்தாரா என்று இன்றைக்கும் தெரியாது. கை நோகும்வரை பிடித்தேன்.

பாணும் சம்பலும் சாப்பிட்டோம், ஒரு துகள் தரையில் விழாமல். அப்போதுதான் அம்மா ஊரில் சங்கக்கடையில் வேலை செய்ததை எனக்கு முதல்முதல் சொன்னார். கூட்டுறவுச் சங்கத்தின் கடை. கலியாணத்துக்கு முன்பு ஆறு வருடம் அரிசியும் சீனியும் சீத்தைத் துணியும் அளந்து கொடுத்திருக்கிறார்.

"அங்கை எனக்கும் ஒரு பங்கு இருந்தது, பிள்ளை. சின்னப் பங்குதான். ஆனால் கூட்டத்திலை தலைவருக்கும் ஒரு கை, எனக்கும் ஒரு கை. நான் கை உயர்த்தித் தலைவரையே மாத்தியிருக்கிறன்."

"பிறகு ஏன் விட்டனீங்கள்?"

"கலியாணம் செய்தன்," என்றார், அதற்கு மேல் விளக்கம் இல்லாததுபோல.

மேகம் மூன்று தரம் வந்தது. ஒவ்வொரு தரமும் அம்மா வானத்தைப் பார்த்து, ஊரில் பால்காரனைத் திட்டுவதுபோலத் திட்டினார். இரண்டு மணிக்கு வெயில் சுவருக்குப் பின்னால் போனபோது குனிந்து பார்த்தோம். மஞ்சள் இல்லை. அப்பா தேய்த்த இடம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. அம்மா அந்த இடத்தை விரலால் தடவிவிட்டுச் சிரிக்காமல் எழுந்தார்.

திறப்பைத் திரும்ப மாட்டியபோது அப்பா இன்னும் வரவில்லை. பிறகு வந்து அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, பிள்ளையாரே துடைத்துவிட்டார் என்று சொல்லி, படத்துக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தினார்.  எனக்குச் சொல்ல வாய் உன்னியது. அம்மாவின் கண்ணைப் பார்த்து அடங்கிவிட்டேன்.

திங்கள் மத்தியானம் பள்ளி சாப்பாட்டு இடைவேளையில் நான் அந்த வீட்டுக்கு ஓடினேன். டொச்சு, அதாவது ஜேர்மன் மொழி, நன்றாகக் கதைக்கத் தெரிந்தது எனக்குத்தான். பேர்மிட் அண்ணைக்கு அன்று வேலை மாற முடியவில்லை. அப்பா கல்யாணத்துக்குப் போட்ட கோட்டைப் போட்டிருந்தார். அம்மா கடைசியாக வாசற்படியைத் துடைத்துவிட்டு வாளியோடு கதவடியில் நின்றார்.

பரிசோதகர் வயதானவர், சாம்பல் நிற மேலங்கி. கதவுச் சட்டத்துக்கு மேல் விரலை ஓட்டினார். குழாய்க்கு அடியில் சின்னக் கண்ணாடி பிடித்துப் பார்த்தார். ஜன்னல் திரையின் தகடுகளை ஒவ்வொன்றாகத் திருப்பினார். முகத்தில் ஒன்றும் இல்லை. 

குறை வந்தால் கூப்பிட வேண்டும், இங்கே வேலை செய்தது யார் என்று கேட்டார். நான் அப்பாவிடம் தமிழில் கேட்டேன்.

"நாங்கள் நாலு பேர் செய்தம் எண்டு சொல்லு, பிள்ளை."

நான் சொன்னேன். நாலு ஆண்கள் என்று, சுத்தமான டொச்சில், ஒரு பிழையும் இல்லாமல். ஆசிரியை கேட்டிருந்தால் பாராட்டியிருப்பார். கதவடியில் அம்மா நின்றதும், நாலு வருடமாக ஷெஃபின் கட்டளைகளைக் கேட்ட அவருக்கு நாலு என்பதும் ஆண்கள் என்பதும் விளங்கும் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னேன். நாற்பது வருடமாகியும் அந்த வசனம் என் வாயில் கசக்கிறது.

பரிசோதகர் அடுப்புக் கதவைத் திறந்தார். குனிந்து, உள்ளே தலையை விட்டு, வெகுநேரம் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லாமல் இதை எப்படிச் செய்தீர்கள் என்று அப்பாவைக் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். அப்பா என்னைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார்.

"மருந்து... ஒரு மருந்து போட்டு..."

தரையில் வாளி வைக்கும் சத்தம் கேட்டது. அம்மா உள்ளே வந்தார். கையைச் சட்டையில் துடைத்து, நெஞ்சில் வைத்தார்.

"இஹ்," என்றார். நான் என்று அர்த்தம். பிறகு அடுப்பைக் காட்டி, குழாயைக் காட்டி, ஜன்னலைக் காட்டி, ஒவ்வொன்றுக்கும், "இஹ். இஹ். இஹ்."

பரிசோதகர் ஜன்னலடிக்குப் போனார். பலகையின் மங்கிய இடத்தில் அவருடைய விரல் நின்றது. இது?

அம்மா அப்பாவைக் கையால் காட்டினார்.

"தாஸ், எர்." அது, அவர்.

அந்த மனிதர் இருமுவதுபோல ஒரு சத்தம் செய்து, படிவத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். பெயின்டுக்கு ஒரு சிறு தொகையைக் கழித்தார். மற்றதெல்லாம் சரி என்று எழுதித் திறப்பை வாங்கினார். ஏப்ரலில் இன்னும் இரண்டு வீடு இருப்பதாகச் சொன்னார். நான் அதை அம்மாவைப் பார்த்துத் தமிழில் சொன்னேன்.

அன்று மாலை நாலு பங்காளிகளும் வந்தார்கள். சந்தோசப்பட வந்தவர்களுக்கு அப்பாவின் முகத்தைப் பார்த்து என்ன செய்வதென்று தெரியவில்லை.

"வெள்ளைக்காரனுக்கு முன்னாலை என்னைக் கேவலப்படுத்திப் போட்டீர்," என்றார் அப்பா.

"ஓம்," என்றார் அம்மா. "நீங்கள் என்னை என்ரை பிள்ளையின்ரை வாயாலை இல்லாமல் ஆக்கினீங்கள். ரெண்டும் சரியாப் போச்சு."

ஒருவரும் தேநீரைத் தொடவில்லை.

"ஏப்ரல் வீடுகளுக்கு நான் வாறதெண்டால் பங்கோடைதான் வருவன். இல்லையெண்டால் ஷெஃபிட்டைப் போறன். அங்கை குறைச்சுத் தந்தாலும் எனக்கெண்டு தாறான்."

"வீட்டுக்கு ஒரு பங்கு இருக்குத்தானே, அக்கா," என்றார் அண்ணைமாரில் ஒருவர் மெதுவாக.

"சங்கத்திலை வீட்டுக்குப் பங்கில்லை, தம்பி. ஆளுக்குப் பங்கு."

பேர்மிட் அண்ணை அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. ஓம் என்றும் சொல்லவில்லை. அம்மா அதற்காகக் காத்திருக்கவில்லை. சுத்தியலும் ஓர் ஆணியும் எடுத்துக்கொண்டு முன்கதவுக்குப் போனார். பலகையில் இடம் இல்லை, அப்பா நாலு ஆணிக்கு அளந்து வெட்டியது. அதனால் பலகைக்குப் பக்கத்தில் சுவரிலேயே அடித்தார். ஆணி சற்றுச் சரிந்து நின்றது. கீழ்வீட்டுக்காரி சத்தம் பொறுக்காமல் தும்புத்தடியால் தன் வீட்டுக் கூரையில் இடித்தார். அம்மா இன்னும் இரண்டு அடி அடித்தார்.

பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், உங்கள் அம்மாமாரில் சிலரும் அந்தக் கம்பனியில் பங்கு வைத்திருந்தார்கள். தெரியாதவர்களுக்காக: அடுத்த வருடம் கடையில் பெரிய பலகை வாங்கினோம். பெயர்கள் கூடின, பெண்களின் பெயர்களும். செம்மஞ்சள் இயந்திரம் பழுதாகி எங்கே போனதென்றே தெரியவில்லை. சிவப்பு எழுத்துப் பலகையையும் எப்படியோ தொலைத்தோம். அம்மா மட்டும் புதுப் பலகையில் இடம் கேட்கவில்லை. அவருடைய திறப்பு சுவரில் அந்தச் சரிந்த ஆணியிலேயே தொங்கியது. அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசியதில்லை. மன்னிப்புக் கேட்டும் நான் அறியேன்.

பல வருடம் கழித்துப் பக்கத்து ஊரில் சொந்த வீடு வாங்கினார்கள். ஷ்லீரன் வீட்டை ஒப்படைக்கும் நாள். இரண்டு பேரும் சேர்ந்து துடைத்தார்கள், மேலிருந்து கீழே, உள்ளிருந்து கதவுக்கு. படம் மாட்டிய துளை, மணிக்கூடு மாட்டிய துளை, பலகை மாட்டிய துளை என்று ஒவ்வொன்றையும் அப்பா பசை வைத்து அடைத்து, பெயின்ட் பூசி, தடவிப் பார்த்தார். பரிசோதிக்க வந்தது ஓர் இளம் பெண். வீடு முழுக்க ஒரு குறையும் காணாமல் முன்கதவடிக்கு வந்து, பலகை இருந்த இடத்துக்குப் பக்கத்தில் நின்றாள்.

இங்கே ஒரு ஆணித்துளை இருக்கிறதே, மறந்துவிட்டீர்களா?

"மறக்கேல்லை," என்றார் அப்பா தமிழில். பிறகு அவளுக்கு விளங்கும்படி டொச்சில், அது இருக்கட்டும், அதற்கான காசைக் கழித்துக்கொள்ளுங்கள் என்றார். எத்தனையோ பேருடைய வீடுகளில் கண்ணுக்குத் தெரியாத துளைகளைக்கூட அடைத்துக் கொடுத்த மனிதர், தன் வீட்டில் ஒரு துளையைப் படிவத்தில் குறையென்று எழுதவிட்டுக் கையெழுத்து வைத்தார்.

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

"துளி பல்பசை வைச்சிருந்தாலே போயிருக்கும்," என்றார். "விசர் மனுசன்."